எழும் சீனாவுக்கு முன்னால்: பிலிப்பைன்ஸ் வழியா, கம்போடியா வழியா, வியட்நாம் வழியா?

யாழ்ப்பாணத்துக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கும்போது சீனா எங்கோ இருக்கிற நாடாகத் தோன்றுவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021 ஜனவரியில் இலங்கை அரசு ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. தன் கரைக்கு இவ்வளவு கிட்ட சீனா வருவதை இந்தியா விரும்பவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் அதே வேலை இந்திய நன்கொடைக்கு மாறியது. இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தாக 2024 மார்ச் ஆகிவிட்டது. அத்தனை நாளும் தீவு மக்களுக்கு டீசல் மின்பிறப்பாக்கிதான்.

வளர்ந்து வரும் வல்லரசோடு மற்ற நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று நான் தேடத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

பிலிப்பைன்ஸ் எதிர்த்து நின்றது. 2012 இல் தென்சீனக் கடலில் உள்ள ஸ்கார்பரோ திட்டு சீனாவின் பிடிக்குள் போனது. அடுத்த ஆண்டே மணிலா சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2016 ஜூலையில் தீர்ப்பு பிலிப்பைன்ஸ் பக்கம் வந்தது. அங்குள்ள மீனவர்களின் பாரம்பரிய உரிமையைச் சீனா தடுத்தது தவறு என்றும் மன்றம் சொன்னது. சீனா அதை ஏற்கவில்லை. தீர்ப்பு கையில் இருக்கிறது, கடல் கையில் இல்லை. இந்திய இழுவைமடிப் படகுகளால் வலை இழந்த எங்கள் மீனவர்களுக்கு இந்த வலி விளக்காமலே புரியும். அப்புறம் ஜனாதிபதி டுடெர்டே சீனாவோடு இணங்கிப் பார்த்தார். அவருக்கு அடுத்து வந்த மார்கோஸ் 2023 இல் அமெரிக்கப் படைக்கு மேலும் 4 தளங்களைத் திறந்துவிட்டார். ஆள் மாறும்போது திசையும் மாறியதுதான் இந்த வழியின் பெரிய பலவீனம் என்று நினைக்கிறேன்.

கம்போடியா சீனாவோடு சேர்ந்துகொண்டது. வீதியும் பாலமும் கிடைத்தன. 2012 இல் அது தலைமை வகித்த, தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம், 45 ஆண்டுகளில் முதல் தடவையாகக் கூட்டறிக்கை இல்லாமல் கலைந்தது. தென்சீனக் கடல் பற்றி ஒரு வரி எழுதக்கூட உடன்பாடு வரவில்லை. பக்கத்து நாடுகளின் நம்பிக்கையை விலையாகக் கொடுத்து வாங்கிய வீதி அது.

என் மனம் வியட்நாம் பக்கம்தான் சாய்கிறது. ஆயிரம் ஆண்டு சீன ஆட்சியில் இருந்த நாடு, 1979 இல் சீனப் படையெடுப்பைச் சந்தித்த நாடு. ஆனாலும் சீனாவோடு வணிகத்தை விடவில்லை. இராணுவக் கூட்டணி இல்லை, ஒரு நாட்டோடு சேர்ந்து இன்னொன்றை எதிர்ப்பதில்லை, அந்நியத் தளத்துக்கு மண் இல்லை, பலத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. இந்த நான்கும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். 2023 செப்டெம்பரில் பைடன் ஹனோய் வந்தார், டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்தார். இரண்டு பேருக்கும் ஒரே முகம். சரி, இதிலும் இழப்பு இருக்கிறது: வியட்நாம் உரிமை கோரும் பாரசெல் தீவுகள் இன்னும் சீனாவிடம்தான், அங்கே போகும் வியட்நாம் மீனவர்கள் அடியும் வாங்குகிறார்கள்.

இலங்கையும் இப்படித்தான் நடுநிலை என்கிறது. ஆனால் எங்களுடையது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 ஆய்வுக் கப்பலை, இந்தியா கவலை தெரிவித்ததும், முதலில் பிந்தி வரச் சொன்னார்கள், சில நாளில் விட்டார்கள். யார் அழுத்தினாலும் இலங்கை அசையும் என்று இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. 2024 இல் எல்லா நாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டுத் தடை போட்டது நல்ல முறை; அதை ஓராண்டோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

வியட்நாமின் தொழிற்சாலைகளும் படையும் எங்களிடம் இல்லை. பொதுவான விதி எழுதி வைக்க அவை தேவையில்லை. எந்தத் தீவில் எந்த நாடு என்ன செய்யலாம் என்று 2021 க்கு முன்பே எழுதியிருந்தால், விலைமனு கோரும்போதே விடயம் தீர்ந்திருக்கும். நெடுந்தீவு மூன்று ஆண்டுகள் காத்திருந்திருக்காது.