ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களே, விண்டர் டயர் வாங்கும்போது உஷார்

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் நண்பர்களுக்கு, முக்கியமாக முதல் பனிக்காலத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. "உங்களோடது ஆல் வீல் டிரைவ்தானே, பனியில் அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று டயர் கடையில் யாராவது சொன்னால் உடனே உஷாராகிவிடுங்கள். அதைச் சொல்லித்தான் தப்பான டயரை என் தலையில் கட்டினார்கள்.

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. கவுண்டரில் தமிழ் பேசுகிறவர்தான் இருந்தார். பழைய டயராக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் நான்கும் விண்டர் டயராக, நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். "அண்ணா, ஆல் வீல் டிரைவுக்கு ரொம்ப செலவு பண்ண வேணாம். போன சீசன்ல கழட்டுன நல்ல செட் ஒண்ணு இருக்கு, நாலும் விண்டர்தான்" என்றார். பொருத்துக்கூலியோடு 640 டாலர். நான்கும் ஒரே கம்பெனி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று கறுப்பாக இருந்தன. கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் குடும்பத்தோடு வடக்கே பாரி நகரத்துக்குப் போகும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஹைவே 400-இல் அந்தப் பக்கம் ஏரிக்காற்றோடு பனி திடீரென்று கொட்டும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மெதுவாகத்தான் போனேன். ஹைவேயை விட்டு இறங்கும் வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காரின் பின்பக்கம் தனியாக விலகிச் சுழன்றது. ஓரத்தில் ஒதுக்கியிருந்த பனிக்குவியலில் போய்ச் செருகி நின்றோம். பின் பம்பர் உடைந்தது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை என்பதற்காக இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மறுநாள் வேறொரு கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். முன்னால் இருந்த இரண்டும் உண்மையான விண்டர் டயர்கள், பட்டன் (டயரின் மேல் வெட்டு) ஆழம் 8 மில்லிமீட்டர். பின்னால் இருந்தவை வேறு மாடல், வெறும் ஆல் சீசன், 5 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த மெக்கானிக் டார்ச்சை டயரின் உள்பக்கம் பிடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். DOT என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3112. அதாவது 2012-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். இரண்டு டயரிலும் அப்படியே. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பின் டயர்களில் எம் பிளஸ் எஸ் (M+S, அதாவது சேறும் பனியும்) என்று மட்டும்தான் இருந்தது. அது பட்டன் அமைப்பைச் சொல்லும் குறி. அதைப் போட எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை. பனியில் இழுவைச் சோதனை தேறிய டயரில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்தப் படம்தான். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். அங்கே எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் செல்லாது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை என்பதால் இந்த மாதிரி ஆட்களுக்கு வசதியாகப் போய்விட்டது. வருடம் முழுக்க ஒரே செட் போதும் என்பவர்கள் ஆல் வெதர் வகையைப் பாருங்கள், அதில் மலைச்சின்னம் இருக்கும். ஆல் சீசன் வேறு, 7 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும்.

ஆல் வீல் டிரைவ் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த ஏமாற்றும் இதில்தான் இருக்கிறது. அது எஞ்சின் சக்தியை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துத் தருகிறது. பனியில் கிளம்பவும் மேடு ஏறவும் அருமையாக உதவும். ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது, அதில் நமக்குக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. நிறுத்துவதும் வளைவில் பிடித்து நிற்பதும் டயரின் வேலை. கார் சுலபமாகக் கிளம்பிவிடுவதால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. முன்னால் மட்டும் நல்ல பிடி, பின்னால் இல்லை என்றால் வளைவில் பின்பக்கம்தான் முதலில் போகும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தேய்மானம் வேறுபட்ட டயர்களின் சுற்றளவும் வேறுபடும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால், இரண்டையும் இணைக்கும் பாகம் நேர்ரோட்டில்கூட ஓய்வில்லாமல் உழைத்துச் சூடாகும். அது போனால் செலவு ஆயிரக்கணக்கில். அதனால்தான் இந்தக் கார்களுக்கு நான்கும் ஒரே மாடலாக, ஏறக்குறைய ஒரே ஆழமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு வித்தியாசம் வரை ஆகலாம் என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "நாங்க விண்டர்னு எழுதிக் குடுக்கலையே அண்ணா" என்றார் அதே ஆள். பில்லை எடுத்துப் பார்த்தால் "டயர் 4, பொருத்துதல், பேலன்ஸ்" என்றுதான் இருக்கிறது. பிராண்ட் இல்லை, மாடல் இல்லை, தேதி இல்லை. 150 டாலர் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். வாங்கவில்லை.

ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லி விற்றிருந்தால் ஓராண்டுக்குள் எழுத்து மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். கடிதம் அனுப்பிவிட்டேன். மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, படங்கள், கடைக்காரர் முன்பே "நாலும் விண்டர், ரெடி" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வைத்து மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறேன். வாய்ப்பேச்சோடு முடிந்திருந்தால் இன்று என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். 2016 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் விண்டர் டயருக்கு எல்லாக் கம்பெனியும் தள்ளுபடி தர வேண்டும். அந்தக் கடைக்காரர் பேச்சை நம்பி நானும் அந்தத் தள்ளுபடி வாங்கியிருந்தேன். இப்போது புது செட் மாட்டி, அதன் பில்லை இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பில்லில் மாடல், அளவு, நான்கு டயரின் தயாரிப்பு வாரம் எல்லாம் எழுதி வாங்கினேன். மாட்டுவதற்கு முன் நான்கையும் தரையில் வைத்து மலைச்சின்னத்தையும் பார்த்துக்கொண்டேன். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். எழுதித் தர மறுத்தால், பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.