எஸ்க்யூவில் சென்னையும் சிங்கப்பூரும்: ஒரு நீண்ட கால எகானமிப் பயணியின் அனுபவம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் (அதன் குறியீடுதான் எஸ்க்யூ) நான் சென்னைக்குப் போய்வரத் தொடங்கியபோது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மூன்றாம் முனையம் கிடையாது. அன்று முதல் இன்றுவரை எகானமி வகுப்புதான். எந்த விமானத்தில் டிக்கெட் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எகானமிக்காரரையும் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நடத்தும் பழக்கம் இங்கே இருக்கிறது. அது விளம்பரத்துக்காக வந்த பழக்கமில்லை. அப்படி நடத்தாவிட்டால் பிழைக்க முடியாது என்ற நிலையில் பிறந்த நிறுவனம் இது.

1947 மே மாதம் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ்தான் இதன் மூலம். 1966இல் அது மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆனது. மலேசியாவுக்கு உள்நாட்டுச் சேவையைப் பெருக்க வேண்டும், சிங்கப்பூருக்கு வெளிநாட்டுத் தடங்கள் வேண்டும். ஒத்துப்போகவில்லை. 1972 அக்டோபர் 1ஆம் தேதி தனித்தனியாகப் பிரிந்தார்கள். சிங்கப்பூர் பங்குக்கு வந்தவை 10 போயிங் விமானங்கள், 18 நாடுகளில் 22 நகரங்கள். பறப்பதற்கு உள்நாடு என்று ஒன்றே இல்லை. மற்ற நாட்டு விமான நிறுவனங்களுக்குச் சொந்த ஊர்ப் பயணிகள் தாமாகவே வருவார்கள். இவர்களோ ஒவ்வொரு பயணியையும் போட்டிபோட்டுத்தான் பிடிக்க வேண்டும். கௌரவத்துக்காக இதை நடத்த மாட்டோம், நட்டத்தில் ஓடினால் மூடிவிடுவோம் என்று சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ முன்கூட்டியே சொல்லிவிட்டார். மலேசியாவின் கிள்ளானில் பிறந்த ஜே.ஒய். பிள்ளை 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்து அதைக் கட்டி எழுப்பினார். எழுபதுகளிலேயே எகானமிப் பயணிக்கு இலவச பானமும் ஹெட்செட்டும் கொடுத்து, என்ன சாப்பாடு வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அதன் தொடர்ச்சியை நான் என் அம்மாவோடு பயணம் செய்யும்போது பார்த்தேன். சாங்கியில் இறங்குமுன் குடிநுழைவுக்கான வெள்ளை அட்டையை நிரப்பித் தர வேண்டியிருந்த காலம் அது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்கு அடுத்தடுத்த இடம் கிடைக்கவில்லை. அவர் நாலு வரிசை முன்னால் இருந்தார். நான் எழுந்து போவதற்குள் பச்சைக் கெபாயா (இந்நிறுவனப் பணிப்பெண்களின் மலாய் பாணிச் சீருடை) அணிந்த சிப்பந்தி ஒருவர் நடைவழியிலேயே குந்தி உட்கார்ந்து, அம்மாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அம்மா தமிழில் ஏதோ கேட்க, புரியாவிட்டாலும் அவசரப்படாமல் சிரித்துத் தலையாட்டி, தமிழ் தெரிந்த இன்னொருவரைக் கூட்டி வந்தார். (நீலம் சாதாரண சிப்பந்தி, பச்சை அதற்கு மேல், சிவப்பு தலைமை, ஊதா மேற்பார்வையாளர். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியர் பால்மேன் 1968இல் வடிவமைத்த உடை இது.) உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேசுவதை அதன்பிறகும் பல முறை பார்த்துவிட்டேன்.

சாப்பாடு நன்றாகவே இருக்கும். சைவக்காரர்கள் 24 மணி நேரத்துக்கு முன்பே இந்திய சைவ உணவைப் பதிந்துவிடுங்கள். மற்றவர்களுக்கு முன்னால் உங்கள் தட்டு வந்துவிடும். முன் திரையில் தமிழ்ப் படங்களும் உண்டு.

உள்நாடு இல்லாததன் கொடுமை 2020இல்தான் முழுதாகத் தெரிந்தது. எல்லைகள் மூடியதும் இவர்களுக்குப் பறக்க இடமே இல்லை. ஏறக்குறைய எல்லா விமானங்களும் தரையில். சில விமானங்களை ஆஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிப்பந்திகளில் பலர் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனிக்கப் போனார்கள். பங்குதாரர்களிடம் 880 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரட்டித்தான் தாக்குப்பிடித்தது. நான் அப்போது உண்மையிலேயே கவலைப்பட்டேன். 2023-24 நிதியாண்டில் 267 கோடி வெள்ளி லாபம் வந்து, ஊழியர்களுக்குக் கிட்டத்தட்ட எட்டு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தது என்று படித்தபோது மனம் நிறைந்தது.

அப்புறம் 2024 மே 21. லண்டனிலிருந்து வந்த எஸ்க்யூ 321 மியன்மாருக்கு மேலே கடுமையாகக் குலுங்கி, பேங்காக்கில் இறங்கியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். சில நாள்களுக்குள்ளேயே, இருக்கைவார் விளக்கு எரிந்தால் சூடான பானத்தை மட்டுமல்ல, சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். சென்னைத் தடம் வங்காள விரிகுடாவைக் கடப்பது. மழைக்காலத்தில் குலுங்கத்தான் செய்யும். காப்பி தாமதமானால் சலித்துக்கொள்ளாதீர்கள். வார் எப்போதும் இடுப்பில் இருக்கட்டும்.

விலைக்கு வருவோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறும். தேதி தெரிந்தவுடன் போட்டுவிடுவது நல்லது. திருச்சிக்கும் கோவைக்கும் இதே குழுமத்தின் மலிவுக் கட்டண விமானமான ஸ்கூட் போகிறது. அங்கே பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டும். இளைஞர்கள் கைப்பையோடு போய்வர அது போதும், நானே பரிந்துரைப்பேன். ஊரிலிருந்து அம்மா அப்பாவைத் தனியாக வரவழைப்பதென்றால், சென்னை வரை காரில் அனுப்பி எஸ்க்யூவில் ஏற்றிவிடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள்.