மலேரியா கொசுவுக்கு வீட்ல எது நிஜமா வேலை செய்யுது? வச்சுப் பாத்த வரைக்கும் ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது டெங்கு கொசுவுக்கான ரிவ்யூ இல்ல. டெங்கு பரப்பற ஏடிஸ் பகல்ல கடிக்கும், மலேரியா பரப்பற அனாபிலிஸ் பெரும்பாலும் பொழுது சாஞ்சதுலேந்து விடியற வரைக்கும்தான் கடிக்கும், அதனால தூங்கற நேரத்துல நம்ம தோலுக்கும் அதுக்கும் நடுவுல என்ன இருக்குங்கறதுதான் கேள்வியே. எத்தனை கொசு செத்து விழுந்துச்சுன்னு எண்ணி மார்க் போட்டா ஏமாந்துடுவோம். எது அனாபிலிஸ்னு பாக்கறது கஷ்டமே இல்ல, சுவத்துகிட்ட போய் டார்ச் அடிங்க, சாதா கொசு உடம்ப சுவத்தோட ஒட்டினாப்ல கூன் போட்டு உக்காரும், அனாபிலிஸ் தலைய சுவத்துப் பக்கம் சாச்சு பின்பக்கத்த தூக்கி, குத்தி வச்ச முள்ளு மாதிரி சாய்வா நிக்கும். நான் டெஸ்ட் பண்ணதெல்லாம் காலைல எழுந்ததும் இதத் தேடிப் பாத்துத்தான்.

ஊதா லைட் ட்ராப் சீக்கிரம் முடிச்சிடறேன். ட்ரே நெறைய பூச்சி விழும், பாத்தா சந்தோஷமா இருக்கும், கொட்டிக் கிளறிப் பாத்தா முக்கால்வாசி அந்துப்பூச்சியும் வேற ஏதோ குட்டிப் பூச்சியும்தான். கொசு நம்மள கண்டுபிடிக்கறது மூச்சுக்காத்துல வர கார்பன் டை ஆக்சைடு, வேர்வை வாசனை, உடம்புச் சூடு இத வச்சு, பக்கத்துலயே ஒரு ஆள் குறட்டை விட்டு தூங்கும்போது அது எதுக்குங்க லைட்ட தேடிப் போகணும்? நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போட்டு கொசுவ விரட்டும்னு விக்கற அல்ட்ராசோனிக் பிளக் அதுக்கும் மேல. அத பத்தி நடந்த ஆராய்ச்சிகள காக்ரேன் அமைப்பு மொத்தமா அலசிப் பாத்தும் கடிய தடுக்குதுங்கறதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடைக்கல, இதுல போன் ஆப் வேற விடறாங்க.

இப்ப மெயின் மேட்டர், படுக்கைக்கு மேல கட்டற, மருந்து ஏத்தின புது வகை கொசு வலை. பழைய வலைல பைரித்ராய்டு மருந்து மட்டும்தான், அது கொசுவோட நரம்ப தாக்கும், ஆனா வருஷக்கணக்கா அதையே பாத்து பல இடத்துல கொசு தாக்குப்பிடிக்கப் பழகிடுச்சு. புதுசுல அதோட குளோர்ஃபெனபிர்னு இன்னொன்னு சேத்திருக்காங்க, உலக சுகாதார நிறுவனம் 2023ல பரிந்துரை பண்ண ரகம். இது நரம்ப விட்டுட்டு செல்லுக்குள்ள சக்தி உண்டாக்கற இடத்துலயே கை வைக்குது, அதனால கொசு பொத்துன்னு விழாது, சாக ரெண்டு மூணு நாள் கூட ஆகும், எங்கயோ போய் சாகும். இது தெரியாம "வலைல உக்காந்த கொசு பறந்து போயிடுச்சு, வேஸ்ட்"னு ஒரு ஸ்டார் போடறவங்கள பாத்தா பாவமா இருக்கு. குறை என்னன்னா காத்து கொஞ்சம் கம்மியாத்தான் வரும், தூக்கத்துல முழங்கை வலைய ஒட்டிட்டா வெளிலேந்தே குத்திடும், அதனால பெருசா வாங்கி ஓரத்த மெத்தைக்கு அடியில சொருகணும். புது வலைய பிரிச்ச உடனே கட்டாம ஒரு நாள் நிழல்ல தொங்க விடுங்க, துவைச்சாலும் நிழல்லதான் காயணும், வெயில்ல போட்டா மருந்து போயிடும்.

அடுத்தது சுவத்துல தொங்க விடற ஷீட். கரண்ட் வேணாம், புகை இல்ல, அதுல ஏத்தியிருக்கற டிரான்ஸ்புளூத்ரின்ங்கற கொசு மருந்து தானா ஆவியாகி ரூம்ல பரவும். இது கொல்றத விட கொசுவ கொழப்பி கடிக்க விடாம பண்ற வேலைதான் ஜாஸ்தி. கென்யாவுல நடந்த சோதனைல மலேரியா தொற்று மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, 2025ல உலக சுகாதார நிறுவனமும் ஓகே சொல்லிடுச்சு. ஒரு மாசம் வரதும் இருக்கு, ஒரு வருஷம் வரைக்கும் தாங்கறதும் இருக்கு. சின்ன ரூம்ல நல்லாவே வித்தியாசம் தெரிஞ்சுது, எதிரும் புதிருமா ஜன்னல் தொறந்து காத்து அடிச்சு வாங்கற ஹால்ல சுத்தமா தெரியல. மருந்து தீந்துச்சான்னு பாத்து சொல்ல முடியாதது பெரிய கடுப்பு, மாட்டின தேதிய பேனால அதுமேலயே எழுதி வச்சேன். வலைய தூக்கிப் போட்டுட்டு இத மட்டும் நம்பாதீங்க, இது கூடச் சேர வேண்டியது.

ஜன்னல் வலை போரடிக்கற ஐட்டம், ஆனா என் ஓட்டு படுக்கை வலைக்கு அடுத்து இதுக்குத்தான். கூரைக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற சந்து வழியாத்தான் ஆப்பிரிக்கால அனாபிலிஸ் நெறைய உள்ள வருது, ஐவரி கோஸ்ட்ல வீட்டுக்கு வலை அடிச்சு அந்தச் சந்த மூடி மருந்து வச்ச குழாய் பொருத்தினதுல குழந்தைங்களுக்கு மலேரியா 38 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2021ல ஒரு ஆராய்ச்சி முடிவு வந்துச்சு. வெல்க்ரோ டைப் வாங்கினா மூலைய தெனம் தடவிப் பாருங்க, அங்கதான் மொதல்ல பிரியும். காந்தம் வச்ச கதவுத் திரைல கீழ ஒரு விரக்கடை இடைவெளி நிக்குது, அதுல பாதி கொசு நடந்தே வந்துடும் போல.

ஒண்ணு மறந்துட்டேன், வீட்ல மீன் தொட்டி வச்சிருக்கறவங்க பைரித்ராய்டு ஐட்டம் எதையும் (மேல சொன்ன வலை, ஷீட் ரெண்டும் இதுல சேத்திதான்) அந்த ரூம்ல மாட்டாதீங்க, வலை துவைச்ச தண்ணியையும் குளம் வாய்க்கால் பக்கம் ஊத்தாதீங்க, மீனுக்கு அது விஷம்.