ஓவர் தி கேப்: என்எஃப்எல் அணியின் கணக்கு வழக்கைப் படிக்க ஒரு தளம்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-இல், ஓர் அணியின் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜர் ஏன் நல்ல வீரரையும் விட்டுவிடுகிறார் என்று புரிய வேண்டுமானால், இந்தத் தளத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு (கேப்) 2025-இல் 27.92 கோடி டாலர். அதற்குள் 53 பேர் அடங்க வேண்டும்.

தளத்தின் உயிர்நாடி ‘டெட் மணி’ பத்தி: வீரர் போன பிறகும் உச்சவரம்புக் கணக்கில் நிற்கும் பணம். கையொப்ப போனஸ் 2.5 கோடி டாலர், ஒப்பந்தம் ஐந்தாண்டு என்றால் ஆண்டுக்கு 50 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் வீரரை நீக்கினால், மீதி 1.5 கோடி மூன்றாம் ஆண்டிலேயே மொத்தமாகத் தலையில் விழும். ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கம் என்று குறித்தால் அந்த மூன்றாம் ஆண்டில் 50 லட்சம், மறு ஆண்டு ஒரு கோடி. இரண்டு கணக்கையும் தளம் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. ரசல் வில்சன் என்ற வீரரை நீக்கிய டென்வர் அணி, சுமார் 8.5 கோடியை இப்படித்தான் 2024, 2025 என இரண்டாகச் சுமந்தது.

சம்பளத்தைப் போனஸாக மாற்றி, வரும் ஆண்டுகளுக்குப் பிரித்துத் தள்ளி, இந்த ஆண்டின் உச்சவரம்பில் இடம் பிடிப்பது கடன் வாங்குவது மாதிரி. முப்பதைத் தாண்டிய வீரர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் செய்யும் அணிதான் சிக்கும். ஈட்டு டிராஃப்ட் தேர்வுகளின் (வீரர்களை இழந்த அணிக்கு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஈடாகத் தரப்படும் கூடுதல் வாய்ப்புகள்) கணிப்பும் அருமை: ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போனவர்தான் கணக்கில் வருவார், நீக்கப்பட்டவர் வரமாட்டார்.

புதியவர்கள் ‘எஃபெக்டிவ் கேப்’ எண்ணையே பாருங்கள்: குறைந்தது 51 பேரையும் டிராஃப்டில் வரும் புது வீரர்களையும் சேர்த்த பிறகு உச்சவரம்பில் மிஞ்சும் இடம் அது. சீசன் இல்லாத மாதங்களில் அதிகச் செலவுள்ள 51 பேர்தான் எண்ணப்படுவதால், அணியில் இன்னும் ஆள் குறைவாக இருந்தால் சாதாரண எண் ஏமாற்றும்.