அம்மாவுக்கு ஒரு சின்ன தையல் மிஷின்: மதுரையில் பத்து நாள் அலைச்சல்

பொங்கலை ஒட்டி ஐந்து வாரம் லீவு போட்டுக்கொண்டு டொராண்டோவிலிருந்து மதுரைக்குப் போயிருந்தேன். பேங்க் வேலை, பத்திர நகல், பல் டாக்டர் எல்லாம் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே முடிந்துவிட்டன. பத்து நாள் இழுத்தது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவுக்கு, கையோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, அதிக விலை இல்லாத ஒரு தையல் மிஷின் வாங்குவது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கிற அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதை ஆன்லைனில் வாங்கி அனுப்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் நான் அப்படி அனுப்பித்தான் தப்புப் பண்ணினேன்.

அம்மாவுக்கு 72 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு மெரிட் மிதி மிஷின் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களின் ஜாக்கெட் வரை எல்லாம் அதில் தைத்ததுதான். இப்போது முட்டி வலியால் மிதிக்க முடியவில்லை. அதோடு வருஷத்தில் பாதி நாள் கோவையில் தம்பி வீட்டில் இருக்கிறார். அபார்ட்மெண்ட்டில் ஸ்டாண்டு மிஷின் போட இடமில்லை, கொண்டு போகவும் முடியாது. அதனால்தான் படத்தைப் பார்த்து, ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள மினி மிஷின் ஒன்றை ரெண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கி அனுப்பினேன். "நல்லா இருக்கும்மா" என்று போனில் சொன்னார். நானும் நம்பிவிட்டேன்.

ஊருக்குப் போனதும் பார்த்தால் அது பீரோ மேல் பெட்டியோடு இருந்தது. "நீ ஆசையா அனுப்புனது, அதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். இறக்கி, அடாப்டரைச் சொருகி, ரெண்டு மடிப்புக் காட்டனில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. அடுத்து லைனிங் வைத்த ஜாக்கெட்டின் பக்கத் தையலைக் கொடுத்தேன். துணி ரெண்டு, லைனிங் ரெண்டு, மொத்தம் நாலு மடிப்பு. ஊசி பாதி இறங்கி நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் முனகியது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டிருந்தது. ரிவர்ஸ் கிடையாது, அதனால் தையல் முடிகிற இடத்தில் கெட்டி போட வழியில்லை. தையல் நீளத்தையும் மாற்ற முடியாது. ஆறு வோல்ட்டில் ஓடுகிற சின்ன மோட்டார், நாலு பென்சில் பேட்டரியிலும் ஓடும் என்றால் அதன் பலம் அவ்வளவுதான். கைக்குட்டை ஓரம் அடிக்கலாம், தலையணை உறை தைக்கலாம். நாற்பது வருஷம் ஜாக்கெட் தைத்த கைக்கு அதைக் கொடுத்தது என் தவறு.

விற்றவர்களின் நம்பருக்குப் போன் போட்டேன். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, மதுரையில் சர்வீஸ் கிடையாது என்றார்கள். தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள பல்சக்கரம் எல்லாம் பிளாஸ்டிக்கும்மா. தேஞ்சா மாத்துறதுக்குப் பார்ட்ஸ் வராது. காசு வாங்கிட்டு உங்கள ஏமாத்த நான் விரும்பல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு பதிலுக்காகவே பிறகு எல்லா வேலையையும் அவரிடமே கொடுத்தோம்.

கையில் பிடித்து அழுத்துகிற, ஸ்டேப்ளர் மாதிரியான மிஷினும் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் அடிநூல் சுற்றி வைக்கிற பாபினே கிடையாது, ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். அரிசி மூட்டையின் வாயில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வருமே, அதே தையல்தான். உடுத்துகிற துணிக்கு அது சரிப்படாது.

கடைகளுக்குப் போகும் முன் டெய்லர் யாரிடமாவது கேட்கலாம் என்று அம்மாதான் சொன்னார். சின்ன வயதில் எங்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துக்குக் கூட்டிப் போவார். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், கல் தூண்களுக்கு நடுவே டெய்லர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டு வருவதற்குள் பாவாடை தயாராக இருக்கும். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தூண்கள் இல்லாமல் அந்த இடத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மிஷின் சத்தம் அதேதான்.

பொங்கல் வேலை முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருந்த ஒரு பெரியவர், நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தைப்பீங்க?" அம்மா ரெண்டு மணி நேரம் என்றார். "அப்போ கம்பெனில ஓட்டுற பவர் மிஷின் வேண்டாம், விளையாட்டுச் சாமானும் வேண்டாம். ஆறு கிலோவுல, வளைச்சு வளைச்சும் தைக்கிற ஜிக்ஜாக் மிஷின் வரும், அதப் பாருங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க துணியப் போட்டு ஓட்டிப் பாருங்க" என்றார். நான் இணையத்தில் நாள் கணக்காகப் படித்ததைவிட இது உதவியது.

மறுநாள் ஏசி போட்ட ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். நூல் கோக்காத ஒரு மிஷினைக் காட்டி, அறுபது வகைத் தையல் போடும் என்றார்கள். துணி கொண்டு வந்திருக்கிறோம், ஓட்டிப் பார்க்கலாமா என்றதற்கு, டெமோ பீஸ் இல்லை, வாங்கினால்தான் பெட்டியைப் பிரிப்போம் என்றார்கள். தண்ணீர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அம்மாவுக்கு நேராக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தைக்கப்போகிறவர் அவர்தான் என்று ரெண்டு தடவை சொன்னேன். அதன் பிறகும் என்னைப் பார்த்தேதான் விலை சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

மாசி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. நூல், பட்டன், ஊசி, கூடவே நாலைந்து மிஷின். கடைக்காரத் தம்பி அம்மாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நீங்களே உக்காந்து ஓட்டுங்கம்மா" என்றார். அம்மா பையிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்தார்: டூ பை டூ ஜாக்கெட் துணி, லைனிங் காட்டன், தம்பியின் பழைய ஜீன்ஸில் வெட்டியது. மேலே வெள்ளை நூல், பாபினில் சிவப்பு நூல் போடச் சொன்னார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு சாண் நீளத்துக்குத் தைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேல் பக்கம் சிவப்பு எட்டிப் பார்க்கவில்லை, அடிப்பக்கம் வெள்ளை தெரியவில்லை. ரெண்டு நூலும் துணிக்கு நடுவில் பின்னிக்கொண்டால்தான் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரி. அப்புறம் ரெண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி இழுத்தார். தையல் இளகவில்லை. நாலு மடிப்பில் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். மெதுவாகப் போகும்போதும் ஊசி நின்றுவிடாமல் இறங்கியது. ஜீன்ஸ் ரெண்டு மடிப்பு, ஊசியை 16ஆம் நம்பருக்கு மாற்றியதும் போனது. கடைசியாக ஒரு ஜாக்கெட் கைப்பகுதியை, ஊசிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற மிஷினின் ஒடுங்கிய கை மேல் மாட்டிச் சுற்றி அடித்துப் பார்த்தார். அது முடிந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

வாங்கியது உஷா ஜனோமேயின் சாதாரண மாடல்களில் ஒன்று. நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா, ரிவர்ஸ் உண்டு. ஆறு கிலோ, மேலே கைப்பிடி. பத்தாயிரத்தை ஒட்டி ஆனது. மினி மிஷினோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு. ஆனால் இதற்கான ஊசி எந்த நூல் கடையிலும் கிடைக்கும், அம்மாவின் பழைய மெரிட்டில் போடுகிற அதே ஊசிதான். பாபின் கேஸ் உலோகம். கம்ப்யூட்டர் மாடல் வேண்டாம் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அறுபது தையலில் அவருக்கு வேண்டியது நாலுதான்.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம். கடைக்காரர் எனக்கும் ஒன்று எடுத்துப் போகச் சொன்னார். அப்படி எடுத்துப் போவதானால், மிஷினில் ஒயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் வோல்ட் அளவு போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் கரண்ட் 230 வோல்ட், கனடாவிலும் அமெரிக்காவிலும் 120. ஊர் மிஷினை இங்கே சொருகினால் சோர்ந்துபோய் ஓடும், துணியைத் துளைக்காது. இங்கிருந்து கொண்டு போனால் இன்னும் மோசம். என் தோழி ஒருத்தி இங்கே வாங்கிய மிஷினைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டு போய், பின்னுக்கு மட்டும் அடாப்டர் போட்டுச் சொருகினாள். ஒரு நிமிஷத்தில் கருகிய வாசனை, மோட்டார் போய்விட்டது. பின் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. சிங்கப்பூர், லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை, அங்கேயும் 230தான்.

மிஷின் வாங்கிய நாலாம் நாள் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து நூல் கோத்துக் காட்டி, வாரண்டி கார்டில் எழுதிக் கொடுத்தார். கடை முத்திரை விழுந்திருக்கிறதா என்று நான் கடையிலேயே பார்த்திருந்தேன். நீங்களும் பாருங்கள்.

இதற்கிடையில் தெருமுனை மெக்கானிக் ஒரு சாயங்காலம் எக்ஸ்எல் வண்டியில் வந்து மெரிட்டைத் திறந்தார். துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்த பஞ்சை ஊசியால் கிளறி எடுத்தார். உள்ளங்கையளவு இருந்தது. எண்ணெய் விட்டு, மிதி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தலைக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டாரும் கால் ரெகுலேட்டரும் மாட்டினார். எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்து சொச்சம். இப்போது கால் நுனியால் லேசாக அழுத்தினால் போதும், முட்டி மடங்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு நகராத பழைய மிஷின் வைத்திருக்கிறவர்கள் புதிது வாங்கும் முன் இதை ஒரு தடவை விசாரித்துப் பார்க்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு முன்பு தெரியாது.

மெக்கானிக்கின் நம்பரை அம்மா மெரிட்டின் மேல்பலகையில் சாக்பீஸால் எழுதினார். அழிந்துவிடும் என்று நான் பேனாவால் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன்.

போன வாரம் அம்மா கோவைக்குப் போனார். பஸ்ஸில் மிஷினைக் காலடியில் வைத்துக்கொண்டாராம். தம்பி மகளுக்குப் பட்டுப் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து ரெண்டு அங்குலம் இறக்கித் தைத்ததை வீடியோவில் காட்டினார். பட்டுக்கு 14ஆம் நம்பர் ஊசி தடிமன், 11 வேண்டும் என்று சொல்லி, தம்பியைக் கடைக்கு அனுப்பியிருந்தார்.