லெஜிட்டா பெல்ட்டா: கர்நாடகக் குரலோடு இசை நாடகத்துக்கு வந்தால் முதலில் எது?

பதினோரு வருடம் கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு, போன வருடம் ஒரு தமிழ் இசை நாடகத்தில் பாட ஒப்புக்கொண்டேன். பாட்டுகள் மேற்கத்திய பாணியில் இருந்ததால் தனியாக ஒரு வகுப்பு தேவைப்பட்டது. இரண்டு வழி இருந்தது. ஆப்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் லெஜிட், பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்ட். நான் பெல்ட்டில் தொடங்கி, குரல் கட்டி, பிறகு லெஜிட்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் பெல்ட்டுக்கு வந்தவள். நம் பயிற்சியோடு வருகிறவர்கள் லெஜிட்டை முதலில் எடுப்பதுதான் சரி என்பது இப்போது என் முடிவு.

இரண்டும் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெஜிட்டில் மேலண்ணம் உயர்ந்து, குரல்வளை தளர்வாகக் கீழே நின்று, தலைக்குரலில், அதாவது மெலிந்த உயர்ந்த குரலில், பாட வேண்டும். நீளமான ஸ்வரம் வைப்ராட்டோ என்னும் சீரான மெல்லிய அதிர்வில் முடியும். 1986இல் லண்டனில் அரங்கேறிய 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்ரா'வின் கிறிஸ்டீன் பாத்திரம் இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம். அதன் தலைப்புப் பாட்டு முடியும் உச்ச ஸ்வரம், ஐந்து கட்டையில் (G-யை ஸட்ஜமாக வைத்து) பாடும் பெண்ணின் மேல் பஞ்சமத்துக்கு ஒரு ஸ்தாயிக்கும் (ஏழு ஸ்வர அடுக்கு) மேலே இருக்கிறது. பெல்ட் என்பது பேசும் குரலையே கனம் குறையாமல் மேலே கொண்டுபோவது. 1930இல் எத்தல் மெர்மன் என்ற பாடகி நியூயார்க்கின் பிராட்வே மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்க வைத்தது இந்தக் குரலைத்தான். 'விக்கட்' இசை நாடகம் 2011 கடைசியில் சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸுக்கு வந்தபோது அம்மாவோடு போய்ப் பார்த்தேன். கிளிண்டா தொடக்கத்தில் சோப்ரானோவாக, அதாவது உயர்ந்த பெண் குரலில், பாடுகிறாள், பச்சை நிற எல்ஃபபா முதல் பாதியின் முடிவில் பெல்ட்டில் அரங்கையே தூக்குகிறாள், ஒரே நாடகத்தில் இரண்டும். அன்றைக்கு எனக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் இரண்டு வேறு உடம்பால் பாடுவது போல இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கட்டணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், எனக்கு மணிக்கு 90 வெள்ளி ஆனது. குரல் தேர்வுக்குப் போனால் வேறுபட்ட இரண்டு பாட்டு கேட்பார்கள், அதனால் என்றைக்காவது இரண்டும் தேவைப்படும். கேள்வி வரிசையைப் பற்றியதுதான்.

நம் குரல் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு மேல் ஸட்ஜமும் அதற்கு மேலே பஞ்சமமும் இருக்கும் அதே இடத்தில்தான் பெண்களின் பெல்ட் பாட்டுகளும் பெரும்பாலும் உச்சம் தொடுகின்றன. அந்த இடத்துக்கு மார்புக்குரலிலேயே, அதாவது பேசும் கனத்த குரலிலேயே, ஏறச் சொல்லித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் மெலிந்து தலைக்குரலுக்குப் போனால் "கள்ளக் குரல் வேண்டாம்" என்று பாட்டு டீச்சர் நிறுத்திவிடுவார். நம் நாடக மேடையிலும் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மைக் இல்லாமல் கொட்டகையை நிறைத்த பரம்பரைதானே. ஆக, பெல்ட்டுக்கு வேண்டிய கனம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அந்த மெல்லிய பக்கம்தான். பதினோரு வருடம் நான் அதை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை.

சரி, அதனால் என்ன நஷ்டம்? இங்கேதான் பராமரிப்பு வருகிறது, என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் காரணங்களும் இதற்குப் பிறகுதான்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒத்திகை செவ்வாயும் வியாழனும் இரவு பத்து மணிவரை, ஏர்கான் குளிரில். பெல்ட் வகுப்பில் முதல் மாதம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் நான் கொண்டுவந்த குரலே அங்கே எடுபட்டது, ஆசிரியரும் இன்னும் கொடு இன்னும் கொடு என்றார், நானும் கொடுத்தேன். இரண்டாம் மாதம் ஒரு புதன்கிழமை காலையில் தொடக்கநிலை மூன்று பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், பதில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், 'வ' மட்டும் வந்தது, மீதி வெறும் காற்று. நாடகத்துக்குப் பத்து நாள் இருந்தது. கடைசியில் என் பாட்டை இரண்டு சுருதி இறக்கித்தான் மேடையில் பாடினேன்.

நடந்தது இதுதான். 440 அதிர்வு உள்ள ஒரு ஸ்வரத்தைப் பாடினால் குரல்நாண்கள் ஒரு நொடியில் 440 முறை மோதுகின்றன. பெல்ட்டில் கீழிருந்து வரும் காற்றழுத்தம் அதிகம், ஒவ்வொரு சுற்றிலும் நாண்கள் மூடியிருக்கும் நேரமும் அதிகம். அழுத்தம் மிஞ்சினால் ஓரம் வீங்குகிறது. அந்த வீக்கம் சத்தமான மார்புக்குரலில் உடனே தெரியாது, கொஞ்சம் பலம் போட்டால் பாட வந்துவிடும். மெதுவாக, உயரமாகப் பாடும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். எனக்கோ மெதுவாக உயரமாகப் பாடவே தெரியாது. வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க என் கையில் அளவுகோலே இல்லை.

லெஜிட் எனக்குக் கொடுத்தது அந்த அளவுகோல். இப்போது தினமும் காலையில் பல் துலக்கியதும் மேல் ஸட்ஜத்துக்கு மேலே, தூங்குகிறவரை எழுப்பாத அளவு சத்தத்தில் ஓர் அகாரம், அதாவது நீண்ட 'ஆ', பாடிப் பார்க்கிறேன். ஸ்வரம் உடனே தொடங்கினால் அன்று எதையும் பாடலாம். ஸ்வரத்துக்கு முன்னால் புஸ்ஸென்று காற்று வந்தால் அன்று பெல்ட் கிடையாது. அரைக் கோப்பைத் தண்ணீரில் மெல்லிய ஸ்ட்ராவை வைத்து, குமிழி விட்டபடி கீழிருந்து மேலே இழுத்து ஐந்து நிமிடம் பழகுவதோடு சரி. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவிலும் இதைச் செய்யலாம், பக்கத்து வீட்டில் கேட்காது. குரல் கட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்ட்ராவை நம்பாமல் தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

லெஜிட்டில் குறை இல்லாமல் இல்லை. தமிழில் பாடும்போது உயிரெழுத்து உருண்டுவிடுகிறது. 'கண்' என்று நான் பாடியது அரங்கின் பின்வரிசையில் 'கொண்' என்று கேட்டிருக்கிறது. "குரல் நல்லா இருக்கும்மா, வார்த்தை ஒண்ணும் புரியலையே" என்றார் இயக்குநர். ஆங்கிலப் பாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் மொழியில் இது பெரிய விஷயம். பெல்ட் பேச்சிலிருந்து வருவதால் இந்தச் சிக்கல் அதில் குறைவு. இன்னொன்று, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகப் பழக்கம். ஸ்வரத்தை அசையாமல் நிறுத்தி, கடைசியில் மட்டும் வைப்ராட்டோவை விட வேண்டும். என் காந்தாரம் தானாகவே ஆடியது, அதை நிறுத்தவே மூன்று மாதம் ஆனது.

ஏழு மாதம் லெஜிட் படித்துவிட்டுப் பெல்ட்டுக்குத் திரும்பினேன், வேறு ஆசிரியரிடம். அவர் கனத்தைக் கேட்கவே இல்லை. புளோக்குக் கீழே நின்று நான்காவது மாடியில் இருக்கும் தம்பியை எப்படிக் கூப்பிடுவாய் என்றார். "டேய், கீழே வாடா!" என்றேன். அந்த 'வா'வை அப்படியே ஸ்வரத்தில் நிறுத்தச் சொன்னார். மெலிதாகத் தொடங்கி மூக்குப் பக்கம் கூர்மையாகி நின்றது, மேல் பஞ்சமம், தொண்டையில் வலியே இல்லை. இதை மிக்ஸ் என்கிறார்கள். மெல்லிய பக்கம் பழகாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் பழையபடி கத்தியிருப்பேன்.

ராக், ராப் கலந்த பாட்டுகளுக்கு, அதாவது 'ஹாமில்டன்' மாதிரி நாடகங்களுக்கு, நான் போனது மூன்றே வகுப்பு, அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆண் குரலுக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தும் என்று என் ஒரு குரலை வைத்துச் சொல்ல மாட்டேன். நாடகத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, பாத்திரமும் பெல்ட் என்றால் வேறு வழியில்லை, பெல்ட்டையே படியுங்கள். ஆனால் அந்தக் காலை அகாரத்தை மட்டும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.

இன்று காலை எனக்குக் காற்றுதான் முந்திக்கொண்டது. சாயங்கால ஒத்திகையில் உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறேன் என்று இயக்குநருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.