பொலிவியாவா, ஒன்டாரியோவா: இரண்டு மென்னோனைட் பால்யம்

மென்னோனைட் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு. கட்டுப்பாடான மென்னோனைட் என்றதும் எல்லோரையும் ஒரே பட்டியில் அடைத்துவிடுகிறோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வாட்டர்லூ பக்கத்து ஓல்ட் ஆர்டர் என்ற உட்பிரிவுப் பிள்ளையும் பொலிவியாவின் ஓல்ட் காலனி என்ற உட்பிரிவுப் பிள்ளையும் குதிரை வண்டியில்தான் போகிறார்கள், இருவர் வீட்டிலும் டிவி கிடையாது, சரி. ஒற்றுமை பெரும்பாலும் அதோடு முடிகிறது.

முக்கியமான வித்தியாசம் பள்ளிக்கூடம். கனடாவின் மானிடோபா, சஸ்காட்செவன் மாகாணங்களில் ஆங்கிலப் பள்ளியைக் கட்டாயமாக்கியதால் 1922-இல் மெக்சிகோவுக்குக் கிளம்பி, 1960களின் கடைசியில் அங்கிருந்து பொலிவியாவுக்கும் போனவர்கள் ஓல்ட் காலனிக்காரர்கள். அந்தப் பிடிவாதம் இன்னும் வகுப்பறையில் இருக்கிறது: பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், ஜெர்மன் அரிச்சுவடி, ஞானோபதேசம், பைபிள், கொஞ்சம் கணக்கு. 12, 13 வயதில் படிப்பு முடிந்தது, பெண்களுக்கு இன்னும் சீக்கிரம். ஊர் மொழியான ஸ்பானிஷைச் சொல்லித்தருவதில்லை என்பதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது, வெளியே போக நினைக்கும் பெண் கடையில் விலைகூடக் கேட்கத் திணறுவாள். வாட்டர்லூவிலோ எட்டாம் வகுப்போடு நிறுத்தினாலும் பாடம் ஆங்கிலத்தில்.

பொலிவியாவில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம். ரப்பர் டயர் போட்டால் இளசுகள் டவுனுக்கு ஓட்டிப் போய்விடுவார்களாம்! ஒன்டாரியோ ஓல்ட் ஆர்டர் வீடுகளில் கரண்டும் போனும் உண்டு.

அப்புறம், வெளியேறுவது. வாட்டர்லூவில் கார் வேண்டுமென்றால் 1939-இல் பிரிந்த மார்க்கம் சபை பக்கத்திலேயே இருக்கிறது, கார் கறுப்பாக இருந்தால் போதும், சில இடங்களில் ஒரே ஆலயத்தைத்தான் இரு சபையும் வாரம் மாற்றிப் பயன்படுத்துகின்றன. பொலிவியக் காலனியில் இப்படி நடுவழி கிடைப்பது கஷ்டம்.